சூப்பர்நோவா தெரியவில்லையா? கடலூர், புதுச்சேரி மாடிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஏதோ ஒரு கேலக்ஸியில் சூப்பர்நோவா, அதாவது ஒரு நட்சத்திரத்தின் பெருவெடிப்பு, நிகழ்ந்திருக்கிறது என்ற செய்தி வந்ததும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறோம். ஒரு மணி நேரம் கண்ணை வலிக்க வைத்துவிட்டு, "நம்ம டெலஸ்கோப்புக்கு இது எட்டாது போல" என்று இறங்கி வருகிறோம். பெரும்பாலும் எட்டியிருக்கும். இன்றிரவு எந்த மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக்கூட மங்கல்) வரை தெரிகிறது என்று அளக்காமல் தேடியது ஒரு காரணம். வரைபடத்தின் திசையை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரியும் திசையோடு பொருத்தாதது இன்னொரு காரணம். இந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் மிஞ்சும் சிக்கல்கள் அனேகமாக நம்மூர் உப்புக் காற்றாலும் 12 டிகிரி அட்சரேகையாலும் வருபவை.

கீழே சொல்பவை 114 முதல் 250 மி.மீ. வரை விட்டமுள்ள தொலைநோக்கிகளுக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டுக் கணக்குகள் எல்லாம் 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட டாப்சோனியனுக்கு (மரப்பலகை அடித்தளத்தில் கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கிக்கு).

அறிகுறி பார்க்குமுன் ஒரு கணக்கு

சூப்பர்நோவாவின் இப்போதைய மேக்னிட்யூட் என்ன? கண்டுபிடித்த அன்று அறிவித்த எண்ணை நம்பிப் போகக்கூடாது. ஐஏ வகை (வெண்குள்ளன் நட்சத்திரம் வெடிப்பது) உச்சத்தைத் தொட ஏறக்குறைய 18 முதல் 20 நாள் ஆகும். பிறகு 15 நாளில் சுமார் 1 மேக்னிட்யூட் இறங்கிவிடும். இரண்டாம் வகையில் (பெரிய நட்சத்திரத்தின் மையம் சரிந்து வெடிப்பது) பல, உச்சத்துக்குப் பின் 100 நாள் வரை அதிகம் மாறாமல் நிற்கும். ஆகவே கடைசி இரண்டு மூன்று நாள் அளவீடுகளைப் பாருங்கள்.

தூரத்தை வைத்தும் ஊகிக்கலாம். ஐஏ வகை, குறுக்கே தூசி இல்லாவிட்டால், 5 கோடி ஒளியாண்டு தொலைவில் உச்சத்தில் 11.6 ஆகத் தெரியும். 10 கோடி ஒளியாண்டென்றால் 13.1. இரண்டாம் வகை பொதுவாக இதைவிட 2 மேக்னிட்யூட் அளவுக்கு மங்கல். எம்101 என்ற கேலக்ஸி (எம், என்ஜிசி என்பவை பட்டியல் எண்கள்) நமக்கு 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. 2023 மே 19 அன்று ஜப்பானின் கொய்ச்சி இதாகாகி அங்கே கண்டுபிடித்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் இரண்டாம் வகையாக இருந்தும் 11-ஐ ஒட்டி வந்தது அதனால்தான்.

அடுத்து, நம் வானத்தின் எல்லை. நகர ஓரத்தில், நிலா இல்லாத இரவில், உச்சியை ஒட்டிய வானில், 100 மடங்குக்கு மேல் பெருக்கத்தில் 114 மி.மீ. தொலைநோக்கி 12 வரை போகும். 150 மி.மீ. 12.5 முதல் 13 வரை, 200 மி.மீ. 13 முதல் 13.5 வரை. கேலக்ஸியின் ஒளிப்படலத்துக்குள் புதைந்திருக்கும் புள்ளிக்கு இதில் அரை மேக்னிட்யூட்டாவது கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம், அன்றன்று அளந்துவிடலாம். ஏஏவிஎஸ்ஓ என்னும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர்கள் சங்கத்தின் தளத்தில் சூப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்தால், ஒப்பீட்டு நட்சத்திரங்களுடன் வரைபடம் கிடைக்கும். அதில் 112 என்றிருந்தால் 11.2 என்று பொருள். தசமப் புள்ளியை நட்சத்திரம் என்று குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே புள்ளியை விட்டுவிடுகிறார்கள். ஐபீஸில் 120, 126, 131, 135 என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எது கடைசியாகத் தெரிகிறதோ அதுவே உங்கள் இன்றைய எல்லை. சூப்பர்நோவா அதைவிட மங்கலாக இருந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

அறிகுறி: கேலக்ஸியே தெரியவில்லை

முதலில் திசையைக் கவனியுங்கள். கடலூரிலிருந்து வடக்கே பார்த்தால் புதுச்சேரியின் விளக்கொளி, மேற்கே நெய்வேலி. புதுச்சேரியிலிருந்து தெற்கே பார்த்தால் கடலூர். இரண்டு ஊருக்கும் கிழக்கே கடல். விசைப்படகு விளக்குகள் தவிர அங்கே இருட்டுதான். ஆகவே கேலக்ஸி உச்சிக்கோட்டைக் கடக்கும்வரை காத்திருக்காமல், கிழக்கே 45 டிகிரி ஏறியதுமே தொடங்கிவிடுவது நம் கரையில் லாபம். எம்101 போன்ற வடக்குக் கேலக்ஸிக்குக் கடலூர்க்காரர்கள் புதுச்சேரியைத் தாண்டி மரக்காணம் பக்கம் போவது நல்லது. எம்83, என்ஜிசி 3621 போன்ற தெற்குக் கேலக்ஸிக்குப் புதுச்சேரிக்காரர்கள் கடலூரைத் தாண்டித் தெற்கே போக வேண்டும்.

உயரம் அடுத்தது. நம் அட்சரேகையில் எம்101 அதிகபட்சம் 48 டிகிரி ஏறும், எம்51 55 டிகிரி. எம்82 33 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. 2014 ஜனவரியில் அங்கே வெடித்த எஸ்என் 2014ஜே உச்சத்தில் 10.5 இருந்தும், நமக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குக் காற்றடுக்கின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மாறாக, கன்னி, சிம்மம் பக்கத்துக் கேலக்ஸிகள் நம் தலைக்கு நேர் மேலே போகின்றன. எம்66 89 டிகிரி வரை ஏறுகிறது. இங்கிலாந்தில் இருப்பவருக்குக் கிடைக்காத வரம் இது. கன்னிக் கூட்டம் (கன்னி ராசிப் பக்கம் நெருங்கியிருக்கும் கேலக்ஸிகள்) மார்ச் கடைசியில் நள்ளிரவிலும், ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணிக்கும் உச்சியில் இருக்கும். நமக்கு மழையில்லாத காலமும் அதுவே.

பில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். யூஎச்சி, ஓ-3 வகைப் பில்டர்கள் ஒளிரும் வாயு மேகங்களுக்காகச் செய்யப்பட்டவை. கேலக்ஸியின் ஒளியும் சூப்பர்நோவாவின் ஒளியும் எல்லா நிறத்திலும் பரவி வருவதால், தெருவிளக்கோடு சேர்த்து அவற்றையும் இந்தப் பில்டர் தின்றுவிடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். கைபேசியில் வரைபடம் பார்ப்பதானால் திரையின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். செயலியின் "இரவு நிறம்" போதாது. அறிவிப்பு ஒன்று வெள்ளையாகத் தோன்றினால் அரை மணி நேர உழைப்பு போச்சு.

அறிகுறி: கோ-டூ போய் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை

கோ-டூ என்பது பெயரைக் கொடுத்தால் தானே இலக்குக்குத் திரும்பும் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு). அதன் கைக்கருவியில் தேதியைப் பாருங்கள். பல கோ-டூ மவுண்டுகள் மாதத்தை முதலில் கேட்கும். 4 மே என்பதை 04/05 என்று கொடுத்தால் அது ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும். வானம் ஏறக்குறைய 29 டிகிரி தள்ளிப்போகும். நேர மண்டலம் +5:30, கோடைகால நேரமாற்றம் "இல்லை". இடத்தைப் பாகை, கலையாக (ஒரு பாகை அல்லது டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை) கேட்கிறதா, தசமமாகக் கேட்கிறதா என்று கவனிக்கவும். புதுச்சேரி 11 பாகை 56 கலை வடக்கு, 79 பாகை 50 கலை கிழக்கு. கடலூர் 11 பாகை 45 கலை, 79 பாகை 46 கலை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் தள்ளியே நிற்கிறதென்றால், ஆயத்தொலைவு (வானத்தில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) எந்த ஆண்டுக்குரியது என்பதில்தான் கோளாறு. சூப்பர்நோவாவின் ஆயத்தொலைவு ஜே2000 முறையில், அதாவது 2000-ஆம் ஆண்டுக் கணக்கில், அறிவிக்கப்படுகிறது. உங்கள் மவுண்ட் இன்றைய தேதிக்கான எண்ணை எதிர்பார்த்தால், பூமியின் அச்சு ஆண்டுக்கு 50 விகலை நகர்வதால், 26 ஆண்டில் 22 கலை வரை பிழை வரும். 10 மி.மீ. ஐபீஸில் நம் எடுத்துக்காட்டுத் தொலைநோக்கியின் மொத்தப் புலமே 25 கலை. கேலக்ஸி ஓரத்துக்கு வெளியே போய்விடும். எண்ணை நேரடியாகக் கொடுக்காமல், கருவியின் பட்டியலிலுள்ள கேலக்ஸியின் பெயரைத் தேர்வுசெய்து போவதே எளிய வழி.

கோ-டூ இல்லாதவர்களுக்கு எம்101 கடினமில்லை. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரையும் அருந்ததியையும் பிடியுங்கள். அங்கிருந்து கிழக்காக 81, 83, 84, 86 என்று எண்ணிட்ட ஐந்தாறாம் மேக்னிட்யூட் நட்சத்திரங்கள் ஒரு சங்கிலியாகப் போகின்றன. கடைசி நட்சத்திரத்துக்குச் சற்று அப்பால் எம்101. கன்னிக் கூட்டத்துக்கு உத்திர நட்சத்திரத்திலிருந்து கிழக்கே நகர வேண்டும். ஆனால் அங்கே கேலக்ஸிகள் அடுத்தடுத்து நெருங்கியிருப்பதால், எந்தக் கேலக்ஸியில் நிற்கிறோம் என்பதே சந்தேகமாகிவிடும். 25 மி.மீ. ஐபீஸில் மூன்று கேலக்ஸிகளாவது வரைபடத்தோடு பொருந்தும்வரை "கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டாம்.

அறிகுறி: கேலக்ஸி மங்கலாகத் தெரிகிறது, சூப்பர்நோவா மட்டும் தெரியவில்லை

அதிகம் பேர் நின்றுபோகும் இடம் இது. வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, பெருக்கம் குறைவு. 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு; வானமும் கேலக்ஸியும் வெளுத்துத் தெரியும். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 200 மடங்கு. பெருக்கம் கூடக்கூட வானத்தின் வெளுப்பும் கேலக்ஸியின் படலமும் பரவி மங்கும். சூப்பர்நோவா புள்ளி என்பதால் அவ்வளவு மங்காது. கேலக்ஸி நன்றாகத் தெரியும் பெருக்கமும் சூப்பர்நோவா தெரியும் பெருக்கமும் ஒன்றல்ல. கேலக்ஸியைக் குறைந்த பெருக்கத்தில் நடுவில் கொண்டுவந்துவிட்டு 120-க்குப் போங்கள். அது பிடிபடாவிட்டால் 200.

இரண்டாவது, திசை. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. கேலக்ஸியின் மையத்தை ஐபீஸின் நடுவில் வைத்து, மோட்டார் இருந்தால் நிறுத்துங்கள். நட்சத்திரங்கள் எந்த ஓரத்தில் வெளியேறுகின்றனவோ அது மேற்கு.

2. குழாயைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். புதிய நட்சத்திரங்கள் எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருகின்றனவோ அது வடக்கு.

3. வடக்கிலிருந்து கிழக்குக்குப் போவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இருந்தால் படம் சுழன்றிருக்கிறது, அவ்வளவே. நியூட்டோனியனில் (டாப்சோனியனும் இந்த வகைதான்) இப்படித்தான் இருக்கும். அச்சிட்ட வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தால் போதும். கடிகாரத் திசையில் இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக மாறியிருக்கிறது. ஸ்மித்-கேசிக்ரெய்னிலும் (முன்னால் கண்ணாடித் தகடு கொண்ட குட்டைக் குழாய்த் தொலைநோக்கி) லென்ஸ் தொலைநோக்கியிலும் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) மாட்டினால் இப்படி ஆகும். அப்போது எவ்வளவு திருப்பினாலும் வரைபடம் பொருந்தாது. ஏஏவிஎஸ்ஓ தளத்தில் திசையமைப்பை மாற்றி வரைபடத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

இடத்தை உறுதிசெய்ய ஒரு நுட்பம் உண்டு. 2023ஐஎக்ஸ்எஃப்பையே எடுத்துக்கொள்வோம். எம்101 மையத்தின் வல ஏற்றம் (வானத்தில் கிழக்கு-மேற்கு இடத்தை நேரமாகச் சொல்லும் எண்) 14 மணி 3 நிமிடம் 12.6 விநாடி. சூப்பர்நோவாவினுடையது 14 மணி 3 நிமிடம் 38.6 விநாடி. வித்தியாசம் 26 விநாடி. மோட்டாரை நிறுத்திவிட்டு, குறுக்குக்கம்பி உள்ள ஐபீஸில் மையம் வடக்கு-தெற்குக் கம்பியைத் தொடும்போது கைபேசி நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துங்கள். சூப்பர்நோவா அதே கம்பியைச் சரியாக 26 விநாடி கழித்துத் தொட வேண்டும். வான ஓட்டமே அளவுகோலாகிவிடுவதால் பெருக்கமோ தொலைநோக்கியோ எதுவானாலும் இந்த 26 மாறாது. 15 விநாடியில் ஒரு புள்ளி தொட்டால் அது வேறு நட்சத்திரம். எந்தச் சூப்பர்நோவாவுக்கும் இந்தக் கழித்தலை வீட்டிலேயே செய்து தாளில் எழுதிக்கொண்டு மாடியேறலாம்.

மூன்றாவது, பார்க்கும் விதம். நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண் பார்வையில் பிடிக்க வேண்டும். வலக்கண்ணால் பார்ப்பவர் இலக்குக்குச் சற்று வலப்பக்கம் பார்வையை வைத்தால் இலக்கு மூக்குப் பக்கம் விழும். எதிர்ப்பக்கம் வைத்தால் குருட்டுப்புள்ளியில் விழுந்து இருப்பதும் மறையலாம். தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்காமல் பாருங்கள். குழாயை விரலால் லேசாகத் தட்டினால் அசையும் புள்ளியைக் கண் எளிதில் பிடிக்கும். பத்து முறை பார்த்ததில் அதே இடத்தில் மூன்று முறையாவது தெரிந்தால் கணக்கில் எடுக்கலாம்.

நான்காவது, மையத்துக்கு மிக அருகில் வெடித்திருந்தால் நல்ல தொலைநோக்கியிலும் கண்ணுக்குப் பிடிபடாது. மையத்திலிருந்து 5 விகலைக்குள் இருப்பதை எங்கள் பரிந்துரைப்படி கேமராவுக்கு விட்டுவிடுங்கள்.

அறிகுறி: புள்ளி தெரிகிறது, அதுதானா என்று சந்தேகம்

குழப்புபவை நான்கு. நம் பால்வெளியைச் சேர்ந்த, கேலக்ஸிக்கு முன்னால் தெரியும் நட்சத்திரம்: வெடிப்புக்கு முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கேலக்ஸிக்குள்ளேயே உள்ள வாயுத் திட்டு: எம்101-இல் என்ஜிசி 5461 அப்படிப்பட்டது, 2023ஐஎக்ஸ்எஃப் அதற்குப் பக்கத்திலேயே வெடித்ததால் பலர் திட்டையே சூப்பர்நோவா என்று எண்ணினார்கள். 200 மடங்கில் திட்டு பஞ்சுபோலப் பரவும், சூப்பர்நோவா ஊசிமுனையாக நிற்கும்.

மூன்றாவது சிறுகோள். கன்னியும் சிம்மமும் ராசிமண்டலப் பாதையை ஒட்டியவை என்பதால் நமக்குப் பிடித்த அதே கேலக்ஸிகளில் இந்தத் தொல்லை அதிகம். சூரியனுக்கு எதிர்ப்புறம் வரும் சிறுகோள் மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 விகலை நகரும். அருகிலுள்ள இரண்டு நட்சத்திரங்களோடு அதை முக்கோணமாக வரைந்துவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து முக்கோணத்தின் வடிவம் மாறியிருந்தால் அது சிறுகோள்.

நான்காவது, கேமராவில் மட்டும் வரும் பொய்ப்புள்ளி. அதற்குத் தனியாக வருகிறோம்.

பெயரையும் கவனியுங்கள். ஏடி என்று தொடங்கினால் நிறமாலை எடுத்து இன்னும் உறுதிசெய்யவில்லை. உறுதியான பிறகே எஸ்என் ஆகும்.

அறிகுறி: நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது, அரை மணி நேரத்தில் மங்கிப்போனது

மேகமா, பனியா? கண்ணால் பார்க்கும்போது பிரகாசமான நட்சத்திரம் தெளிவாக இருந்து, ஐபீஸில் அதைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தால் பனி படிந்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு 9 மணிக்கே இது தொடங்கிவிடும்.

ஸ்மித்-கேசிக்ரெய்னின் முன்கண்ணாடிதான் முதலில் மூடும். குழாயின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குப் பனித்தடுப்பு வேண்டும்: 200 மி.மீ. குழாய்க்கு 300 மி.மீ. யோகா பாயை வெட்டி, குழாயின் சுற்றளவைவிட 3 செ.மீ. கூடுதலாக விட்டு வெல்க்ரோ தைத்தால் போதும். அதுவும் தாங்காத இரவுக்கு 12 வோல்ட் சூடேற்றும் பட்டை, 15 முதல் 20 வாட். சிறு யூபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி முழு வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். கட்டுப்படுத்தியைப் பாதியில் வையுங்கள். கண்ணாடி காற்றைவிட ஓரிரு டிகிரி வெதுவெதுப்பாக இருந்தால் போதுமானது.

டாப்சோனியனில் பெரிய கண்ணாடி தப்பிவிடும், மேலே உள்ள சாய்வுக் கண்ணாடி நனையும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து ஊதுங்கள். துணியால் துடைக்கவே கூடாது. நம் கரையில் அந்தப் பனித்துளியில் உப்பு கலந்திருக்கிறது. துணி அந்த உப்புப் பொடியை அலுமினியப் பூச்சின் மேல் இழுத்துக்கொண்டு போகும். மறுநாள் வெயிலில் பார்த்தால் வட்டவட்டமாகக் கீறல்.

எதிர்மாறான சிக்கலும் நம்மிடம் உண்டு. ஏசி அறையிலிருந்து தொலைநோக்கியை நேரே மாடிக்குக் கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலக் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். ஏசி இல்லாத அறையில் வையுங்கள். ஐபீஸ்களை மூடியோடு காற்றுப்புகா டப்பாவில், 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும். நீலம் இளஞ்சிவப்பானதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. இதைச் செய்யாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தொலைநோக்கியைத் தொடவே போவதில்லை என்றாலும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அறிகுறி: நட்சத்திரம் புள்ளியாக இல்லை, பொரிந்தாற்போல ஊதியிருக்கிறது

புள்ளி இரண்டு மடங்கு ஊதினால் அதன் ஒளி நான்கு மடங்குப் பரப்பில் சிதறும். விளிம்பில் தெரிய வேண்டிய சூப்பர்நோவா அதிலேயே காணாமல் போகும்.

சித்திரை வெயிலில் காய்ந்த சிமென்ட் மாடி இரவு 10 மணிக்கு மேலும் அனலைக் கக்கும். மாலை 6 மணிக்குத் தண்ணீர் ஊற்றி ஆறவிடலாம். புல்தரையோ மணலோ கிடைத்தால் அதுவே மேல். 200 மி.மீ. கண்ணாடி வெளிக்காற்றோடு ஒத்துப்போக ஒரு மணி நேரம் தேவை. கடற்காற்று குழாயை ஆட்டினால் தண்ணீர்த் தொட்டியின் மறைவில், மேற்குப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் வைத்துப் பாகூர், ஊசுட்டேரி என்று போய் இறக்கியிருந்தால் கண்ணாடிகளின் நேர்ப்படுத்தல் கட்டாயம் கலைந்திருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தை 200 மடங்கில் கொஞ்சம் குவியம் தப்பவிட்டுப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இல்லாவிட்டால் திருகுகளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் சரிசெய்யுங்கள். கடற்கரை மணலில் வைப்பதானால் கீழே தார்ப்பாய் விரித்தாக வேண்டும். டாப்சோனியன் அடிப்பலகையின் வெட்டு ஓரங்கள் ஈரத்தில் ஊதும். வாங்கிய வாரமே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அறிகுறி: தலைக்கு மேலே தொலைநோக்கி திரும்ப மறுக்கிறது

டாப்சோனியன் நேர் உச்சியில் எந்தப் பக்கம் தள்ளினாலும் நகராது. கன்னிக் கேலக்ஸிகள் நமக்குச் சரியாக அங்கேதான் போகின்றன. உச்சியைக் கடப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பார்த்துவிடுங்கள். 75 டிகிரி உயரத்தில் காற்றடுக்கின் வித்தியாசம் நூற்றுக்கு நான்குதான். ஒளியில் இழப்பு என்று சொல்லவே ஒன்றுமில்லை.

ஈக்குவடோரியல் மவுண்டில் (ஓர் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கியிருப்பது) வேறு கதை. துருவ அச்சை 12 டிகிரிக்குத் தாழ்த்த வேண்டும். பல மவுண்டுகள் 15, 18-லேயே முட்டிக்கொண்டு நிற்கும். முக்காலியில் இரண்டு கால்கள் வடக்கேயும் ஒரு கால் தெற்கேயும் வருமாறு திருப்பி வையுங்கள். எடைக்கம்பி வடக்கேயுள்ள இரு கால்களுக்கு நடுவில் இடிக்காமல் போகும். பிறகு தெற்குக் காலுக்குக் கீழே கட்டை கொடுங்கள். கால்களுக்கிடையே தெற்கு-வடக்காக 80 செ.மீ. இருந்தால், 8.4 செ.மீ. கட்டை 6 டிகிரியைக் குறைத்துவிடும்; 18 என்பது 12 ஆகும்.

துருவ நட்சத்திரமோ சவுக்குத் தோப்புக்கும் புழுதிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணால் பார்ப்பதற்குத் திசைகாட்டியே போதும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். படமெடுப்பவர்கள் துருவ நட்சத்திரமே இல்லாமல், எடுத்த படத்தின் நட்சத்திரங்களை வைத்து அச்சைச் சரிசெய்யும் மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: படத்தில் சூப்பர்நோவா இல்லை, அல்லது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது

கேலக்ஸி மையம் வெள்ளையாக வெந்துபோயிருந்தால் அதற்குள் சூப்பர்நோவா மறைந்திருக்கலாம். படத்தை அதிகம் வெளுப்பாக்காமல், பல படங்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கிய ஃபைலையே இருட்டான அமைப்பில் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, 30 விநாடி வீதம் 40 படங்கள் ஒரு நல்ல தொடக்கம்.

பொய்ப்புள்ளிகள் நம்மூரில் அதிகம். கேமரா உணரியின் இருட்டு மின்னோட்டம் ஒவ்வொரு 6 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாத இரவில் 29 டிகிரியில் எடுக்கும் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மணல்போல இறைந்திருக்கும். படமெடுத்த உடனே, அதே சூட்டில், மூடியைப் போட்டு 20 இருட்டுப் படங்கள் எடுத்துக் கழியுங்கள். இடையிடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தி எடுத்தால், உண்மையான நட்சத்திரம் வானத்தோடு நகரும், கெட்ட பிக்சல் அதே இடத்தில் நிற்கும். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்த புள்ளியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஆல்ட்-அஸிமத் மவுண்டில் (மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்புவது) படத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் வளைந்திருந்தால் அது புலச்சுழற்சி: இலக்கைப் பின்தொடரும்போது படம் மெல்லச் சுழல்வது. எம்83 தெற்கே உச்சியைக் கடக்கும்போது மணிக்கு 22 டிகிரி சுழலும்; அங்கே ஒரு படத்துக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். ஆனால் நேர் கிழக்கில் ஏறும் கன்னிக் கேலக்ஸி 45 டிகிரி உயரத்தில் மணிக்கு 2 டிகிரிகூடச் சுழலாது. 30 விநாடி தாராளமாகப் போகலாம். ஸீஸ்டார் எஸ்50 போன்ற, தானே தேடிப் படமெடுக்கும் 50 மி.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்: கிழக்கில் பிடித்து அரை மணி நேரம் அடுக்கினால் 15-ஆம் மேக்னிட்யூட்டைத் தாண்டும்.

அறிகுறி: ஒரே இரவில் ஆளுக்கொரு மேக்னிட்யூட் சொல்கிறார்கள்

சூப்பர்நோவாவைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று என இரண்டு ஒப்பீட்டு நட்சத்திரங்களைத் தேர்வுசெய்யுங்கள். 112-க்கும் 120-க்கும் இடைவெளி 8 பங்கு. சூப்பர்நோவா 112-இலிருந்து 3 பங்கு இறங்கியிருப்பதாகத் தோன்றினால் 11.5. ஒப்பிடும் இரண்டையும் உங்கள் இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வருமாறு தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு நட்சத்திரத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கக்கூடாது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் தன் எண்ணைச் சொல்லுமுன் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள்.

தேதியை உலக நேரத்தில் (நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தது) எழுத வேண்டும். மே 20 அதிகாலை 2 மணி என்பது மே 19, 20:30. ஏஏவிஎஸ்ஓவுக்கு இந்த ஒரு நாள் பிழையோடு அனுப்பினால், வேகமாக ஏறும் சூப்பர்நோவாவின் ஒளிவளைவில் உங்கள் புள்ளி மட்டும் தனியே தொங்கும். காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஏறக்குறைய நம் அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே மேகம் மூடிய இரவில் நம் கரை தெளிவாக இருந்து, நாம் எழுதும் எண் ஓர் இடைவெளியை நிரப்பக்கூடும்.

எல்லாம் செய்தும் தெரியவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். கடைசியாகத் தெரிந்த ஒப்பீட்டு நட்சத்திரம் 132 என்றால் "<13.2". அதோடு நேரம், விட்டம், பெருக்கம், இடம், வானநிலை: "மே 19.85, 200 மி.மீ., 120 மடங்கு, தாழங்குடா, கிழக்கே மெல்லிய மூட்டம்."